இருபத்தோராம் நிமிடம், வலப்பக்கம்

கல்கரி
20 ஏப்ரல் 1998

வெர்னா,

டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மே 14, வியாழன், காலை 8.10. கல்கரியிலிருந்து வான்கூவர்.

இருக்கை 10 எஃப். வழக்கமான 7 எஃப் இந்த வருஷம் கிடையாது. இந்த வழியில் புது விமானம் விட்டிருக்கிறார்கள், ஏழாவது வரிசை பணக்காரர்களுக்குப் போய்விட்டது. பத்தாவது வரிசையும் இறக்கைக்கு முன்னால்தான் வருகிறது, மறைக்காது.

வலப்பக்கம்தான். ஒவ்வொரு வருஷமும் காரணம் எழுதுகிறேன், இப்போதும் எழுதிவிடுகிறேன். காலையில் மேற்கே போகிற விமானத்தில் வெயில் இடப்பக்கமும் பின்பக்கமுமாக விழும். இடப்பக்கம் உட்கார்ந்தால் கண்ணாடி முழுக்கக் கூசும், கீறல்தான் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து மலைமேல் விழும். முப்பது வருஷம் டிக்கெட் அலுவலகம் நடத்தி ஜனங்களுக்கு ஜன்னல் பார்த்துக் கொடுத்தவன் சொல்கிறேன்.

சக்கரம் தரையை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள். இருபத்தோராம் நிமிடம் கீழே நீளமான ஏரி ஒன்று வரும். அதற்குப் பின்னால் ஒரு தோள் சரிந்த வெள்ளை மலை. அதுதான் வெல்டன் சிகரம். ஒன்றரை நிமிடம் தெரியும், அதற்குமேல் தெரியாது.

திரும்புவதற்கு எப்போதும்போல ரயில். பிற்பகலில் மலைமேல் மேகம் கட்டிவிடும், விமானத்தில் வருவது வீண்.

எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதனால் இந்த வருஷம் வழக்கம்போல முதல் நாள் நேரில் போய்ப் பார்த்துவர முடியாது. இருக்கைப் படத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

டேரன் போய்ப் பதினோரு வருஷம் ஆகப்போகிறது. உன் அக்கா ஐடாவைக் கேட்டதாகச் சொல்.

லாயிட்


வான்கூவர், ஐடா வீடு
16 மே 1998

லாயிட்,

சுவர்! நீ எனக்குப் போட்டுக் கொடுத்தது சுவர்!

10 எஃப்-இல் ஜன்னலே இல்லை. முன்வரிசைக்காரிக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, பின்வரிசைக்காரனுக்கு ஒன்று இருக்கிறது. நடுவில் எனக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒரு பலகை. நான் டேரனுடைய பழைய ஹாக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாராவது படம் எடுத்திருந்தால் உன் அலுவலகச் சுவரில் மாட்டலாம்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, என் ஜன்னல் எங்கம்மா?"

"இந்த வரிசையில வலது பக்கம் ஜன்னல் கிடையாதுங்க மேடம். ரொம்ப அமைதியா இருக்கும், தூங்கலாம்."

"தூங்கவா பஸ்ல ஒரு நாள் முழுக்க மூஸ் ஜாவிலேர்ந்து வந்தேன்?"

அவள் போய்விட்டாள். பதினாறு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்தே நிமிடம் லாயிட். வருஷத்தில் ஒன்றரை நிமிடம். அதுவும் போகிறது என்றால் நான் என்ன செய்வேன்? எழுந்து நின்றுவிட்டேன். பெல்ட் விளக்கு எரிகிறது, உட்காருங்கள் என்கிறார்கள், நான் உட்காரவில்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம், 10 ஏ-இல், ஒரு பெரியவர். கேன்மோர்க்காரர், பெயர் ஓட்டோ லிண்ட்கிரென், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். என் பையன் வெல்டன் சிகரத்தில் பனிச்சரிவில் போனான், உடம்பு கிடைக்கவில்லை, அங்கேயே இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று.

"வெல்டனா?" என்றார். "அது இந்தப் பக்கம்ல வரும்? வாங்க, என் சீட்ல உக்காருங்க. நான் பொறந்ததே அதுக்குக் கீழதான், எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

"இல்லைங்க, வலது பக்கம். நான் பத்து வருஷமா பாக்கறேன்."

"எவன் சொன்னான் உங்களுக்கு?" என்று சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நேரம் வந்ததும் விரலை நீட்டினார். "அதோ பாருங்க. உச்சி வெட்டிவிட்ட மாதிரி இருக்கே, கருப்பா, அதுதான் வெல்டன்."

வெயில் ஒன்றும் கூசவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவர் காட்டியதை ஒரு கணம் பார்ப்பேன். பிறகு தலையைத் திருப்பி, அந்தப் பக்கம் பின்வரிசைக்காரன் ஜன்னலில் என் ஏரி தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இப்படியும் அப்படியுமாக ஒன்றரை நிமிடம் போய்விட்டது. இரண்டையும் பார்க்கவில்லை.

பாவம், வயதானவர், ஏதோ மலையைக் குழப்பிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அடித்துச் சொல்கிறார். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு எழுத வேண்டும். வெல்டன் வலப்பக்கம்தான் என்று நீ ஒரு வரி எழுதிப் போடு. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வெர்னா, அந்த மே மாச டிக்கெட்ட மட்டும் நான் போட்டுத் தரேன், அத மட்டும் எங்கிட்ட விடு." விட்டேன். அதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா?

வெர்னா


கல்கரி
27 மே 1998

வெர்னா,

உன் கடிதம் வந்தது. மன்னித்துக்கொள். முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

விசாரித்தேன். இந்த ரக விமானத்தில் குளிர்காற்றுக் குழாய் அடிவயிற்றிலிருந்து கூரைக்கு ஏறுகிறது. அது ஏறுகிற இடத்தில் சுவருக்குள் குழாய் இருப்பதால் ஜன்னல் வைக்க முடியாது. இறக்கைக்குச் சற்று முன்னால், சில விமானங்களில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். இருக்கைப் படத்தில் இதை யாரும் குறிப்பதில்லை. காசு வாங்கும்போது ஜன்னல் இருக்கை என்றே வாங்குகிறார்கள். என் நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்: பத்தாவது வரிசை யாருக்கும் கொடுக்காதே. வழக்கம்போல முதல் நாள் நானே போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. முழங்கால் சதி செய்துவிட்டது.

அடுத்த வருஷம் 14 எஃப் போடுகிறேன். இறக்கை நுனி கொஞ்சம் வரும், ஆனால் மலை தெரியும்.

அந்தப் பெரியவருக்கு நீ எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. கேன்மோர் ஆட்கள் ஓய்வு பெற்றுவிட்டால் எல்லா மலையும் தங்கள் மலை என்று பேசுவார்கள். எதற்கு வம்பு?

ஐடாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

லாயிட்


மூஸ் ஜா
9 ஜூன் 1998

லாயிட்,

குழாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். மலையைப் பற்றி நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. உன்னோடு இருபத்து நான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். நீ எதைப் பற்றி அதிகம் பேசுகிறாயோ அதில் விஷயம் இருக்காது, எதைத் தாண்டிப் போகிறாயோ அதில்தான் இருக்கும்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். பதினோரு வருஷமாக வெல்டன் என்ற பெயர் இருக்கிற எந்தத் தாளையும் நான் தொட்டதில்லை, உனக்குத் தெரியும். பத்திரிகையில் வந்த படத்தைக்கூடப் பார்க்காமல் அடுப்பில் போட்டவள். தேடப் போனது நீ, தேடியவர்களின் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டதும் நீ. நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேற்றுதான் முதல் தடவையாக, "மலை வரைபடம் இருக்கா?" என்று கேட்டேன். அங்கே வேலை செய்கிற பெண் மேசைமேல் விரித்தாள், கல்கரியிலும் வான்கூவரிலும் விரலை வைத்து நடுவில் அடிக்கோல் வைத்தாள்.

வெல்டன் சிகரம் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. மேற்கே போகிறவளுக்கு இடது கை.

"என்னாச்சுங்க, தண்ணி கொண்டு வரட்டா?" என்று கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் கேள். கோட்டுக்கு வடக்கே உன் நீள ஏரியையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அதற்குப் பெயர்கூட இல்லை. உயரத்தைக் குறித்து 2,874 என்று ஓர் எண், அவ்வளவுதான். பெயர் வைக்கிற அளவுக்குக்கூட யாரும் அதை மதிக்கவில்லை.

பத்து வருஷம் நான் அதனிடம் பேசியிருக்கிறேன் லாயிட்! கண்ணாடியில் கையுறையை வைத்து அழுத்திக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர்கள் பைத்தியம் என்று நினைக்க நினைக்க, உதட்டை அசைத்துப் பேசியிருக்கிறேன். நாய் செத்ததைச் சொன்னேன். அவனோடு சுற்றிய ஷெல்லிக்குக் கல்யாணம் ஆனதை, வருத்தப்படாதேடா என்று சொன்னேன். பட்டர் டார்ட் சுட்டு எடுத்துப் போய், பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை ஜன்னல் ஓரத்தில் அவனுக்கு வைப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, மன்னிப்புக் கேட்டேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால் மலையடி விடுதியிலிருந்து அவன் கூப்பிட்டானே, அப்போது போனை எடுத்தது நான். ஈஸ்டருக்கு வரவில்லை என்ற கோபம். "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றான். "உங்கப்பாகிட்டயே கேளு" என்று உன் கையில் கொடுத்துவிட்டு மாவு பிசையப் போனேன். அதற்குத்தான் பத்து வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை, மன்னித்துவிடுடா கண்ணா, மன்னித்துவிடுடா என்று கெஞ்சினேன். எண் 2,874-இடம்.

தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லாதே. ஊரில் எவனுக்காவது இடம் வலம் தெரியாமல் போகலாம், உனக்குப் போகாது. வெயில் கூசும் என்று என் காதில் பூச்சுற்றினாயே, அதற்குப் பத்து வருஷம் யோசித்தாயா, இல்லை நின்ற இடத்திலேயே வந்ததா? ரயிலில் திரும்பச் சொன்னதும் அதற்குத்தானே? திரும்பி வரும் விமானத்தில் எங்கே தப்பித்தவறிப் பார்த்துவிடுவேனோ என்று?

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

வெர்னா


கல்கரி
25 ஜூன் 1998

வெர்னா,

ஆமாம். வெல்டன் இடப்பக்கம்தான்.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன், நம்பினால் நம்பு. முதல் வருஷம், எண்பத்தெட்டு மே 13, உனக்கு டிக்கெட் போடுவதற்காக நான் அதே விமானத்தில் போய் இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அவனுடைய சிவப்புக் கூடாரம் பனிக்கு மேலே தெரிந்தது. குளிர்காலம் முழுக்கப் புதைந்திருந்து, வசந்தத்தில் மேலே வந்திருக்கிறது. அதை நீ பார்த்தால் தாங்கமாட்டாய் என்று பட்டது. அடுத்த நாளே நீ பறக்க வேண்டும். அதனால் வலப்பக்கம் மாற்றினேன். அங்கே பார்க்க லட்சணமாக ஒரு மலை இருந்தது, அதைச் சொன்னேன்.

ஒரு தடவை சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? நீ அந்த வருஷம் திரும்பி வந்து, "அவனப் பாத்துட்டேன் லாயிட், மனசு கொஞ்சம் அடங்குச்சு" என்றாய். அதன் பிறகு வாய் வரவில்லை.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

லாயிட்


மூஸ் ஜா
3 ஜூலை 1998

லாயிட்,

முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து கூடாரம் தெரிந்ததா? ஓட்டோவிடம் போன் போட்டுக் கேட்டேன். "அம்மா, அங்கேர்ந்து பாத்தா ஒரு ஊரே சின்னதாத்தான் தெரியும், கூடாரம் எங்க தெரியப் போவுது? எந்த மடையன் சொன்னான்?" என்றார். என் பிள்ளைக்கு அப்பா என்று சொன்னேன்.

ஒரு பொய்யைப் பிடித்தால் இன்னொரு பொய்யைக் கொடுக்கிறாய். வெட்கமாக இல்லை?

நேற்று டேரனுடைய தகரப் பெட்டியை இறக்கினேன். ஹாக்கி அட்டைகள், பள்ளிக்கூட மெடல், அவன் பால் பல் ஒன்று. அட்டைகளுக்கு நடுவே மடித்து மடித்துக் கிழியப்போகிற மாதிரி ஒரு சீட்டு. உன் கையெழுத்து. ஐடா வீட்டுக்கு அவன் முதல் முதலாகத் தனியே விமானத்தில் போனானே, எழுபத்தேழில், பன்னிரண்டு வயதில், அப்போது நீ எழுதிக் கொடுத்தது. அப்படியே எழுதுகிறேன், படி:

"7 ஏ. இடப்பக்கம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து 21-ஆவது நிமிஷம். உச்சி வெட்டின கருப்பு மலை. நான் பார்த்ததிலேயே அருமையான காட்சி அதுதான்டா. கண் சிமிட்டிடாதே. அப்பா."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இடப்பக்கம். அவனைப் பறிகொடுத்த அம்மாவுக்கு வலப்பக்கம். நிமிடத்தைக்கூட நீ மாற்றவில்லை, இருக்கையை மட்டும் மாற்றினாய்.

அவனுக்கு அந்த மலையைக் காட்டியது நீயா? அன்றைக்கு அவன் கூப்பிட்டு உன்னிடம் என்ன கேட்டான்? "வானிலை நல்லாருக்காம், சும்மா சொல்லத்தான் கூப்பிட்டான்" என்று போனை வைத்துவிட்டுச் சொன்னாயே, அதுவும் பொய்யா?

இந்தத் தடவை பொய் எழுதுவதாக இருந்தால் தபால்தலையை வீணாக்காதே.

வெர்னா


கல்கரி
12 செப்டம்பர் 1998

வெர்னா,

இதை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

மலையைக் காட்டியது நான்தான். ஐடா வீட்டில் இறங்கியதும் அவன் என் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினான். "அப்பா, பாத்துட்டேன்! நான் பெரியவனானதும் அதுக்கு மேல ஏறி நின்னு, நீங்க ப்ளேன்ல போகும்போது கைய ஆட்டுவேன், நீங்களும் ஆட்டணும்!" அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிப் போனது. பத்து வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். உன்னிடம் சொன்னதில்லை. மலையேறுகிற பேச்சை எடுத்தாலே நீ திட்டுவாய்.

எண்பத்தேழில் அவன் நிஜமாகவே ஏற ஆரம்பித்துவிட்டான். மே 14 காலை வெல்டனின் மேல்தோளில் நிற்பது என்று தேதி குறித்தான். நான் 8.10 விமானத்தில் 7 ஏ எடுத்தேன். உன்னிடம் வான்கூவரில் வேலை என்று சொன்னேன். அங்கிருந்து மனிதன் தெரியமாட்டான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த நிமிடம் இரண்டு பேரும் கையாட்டுவதாக ஒப்பந்தம்.

12-ஆம் தேதி அவன் கூப்பிட்டுக் கேட்டது இதுதான்: "அப்பா, பனி சரியில்ல, இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு மலை ஏறாதேங்கறார் பூங்காக் காவலர். என்ன செய்யட்டும்? திரும்பிடவா?"

நான் சொன்னது இதுதான்: "டிக்கெட் போட்டாச்சேடா."

அவ்வளவுதான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அவனும் சிரித்தான். "சரி அப்பா, அப்ப ஜன்னல்ல இருங்க" என்றான்.

இருந்தேன். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. மலை பளிச்சென்று தெரிந்தது. நான் கையாட்டினேன் வெர்னா. பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்று கேட்டார், என் மகனுக்கு என்று சொன்னேன், அவரும் ஆட்டினார். விடியற்காலையிலேயே சரிவு வந்துவிட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். நாங்கள் கையாட்டியபோது அவன் மூன்று மணி நேரமாகப் பனிக்கு அடியில் இருந்தான்.

நீ அந்த மலையைப் பார்க்கக்கூடாது என்று ஏன் நினைத்தேன் என்றால், பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். விமானத்தில் போகிறவன்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்பது அதன் முகத்திலேயே எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றும். நீ போனைக் கொடுத்ததற்காக அழுதபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். உன்னை அழவிட்டேன். உன்மேல் பழி இருக்கிறவரை என்மேல் இல்லை என்றிருந்தது. இதுதான் உண்மை. இதைவிடக் கேவலமான உண்மை என்னிடம் இல்லை என்று எழுத ஆசை. ஆனால் இன்னொன்று இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் 13-ஆம் தேதி உன் இருக்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தது இடப்பக்கம், 7 ஏ. அவனைப் பார்க்கத்தான் போனேன். இருபதாம் நிமிடம் வந்ததும் ஜன்னல் ஷட்டரை இழுத்து மூடிவிடுவேன். பத்து வருஷமும் மூடினேன். இருபத்து மூன்றாம் நிமிடம் திறப்பேன்.

லாயிட்


மூஸ் ஜா
18 பிப்ரவரி 1999

லாயிட்,

ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு தாளில் நாலே வார்த்தை இருந்திருக்கும், தபால்காரன் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?

உன்னை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கடைசிவரை தேடித் தேடிப் படிக்க வேண்டாம்.

"டிக்கெட் போட்டாச்சேடா." இந்தக் குளிர்காலம் முழுக்க, பாத்திரம் தேய்க்கும்போதும் வாசலில் பனி வாரும்போதும், உன் குரலிலேயே அது எனக்குக் கேட்கிறது. ரத்து செய்திருக்கலாமே லாயிட். ஊருக்கெல்லாம் ரத்து செய்து கொடுத்தவன் நீதானே? என்னிடம் கேட்டிருந்தால் வீட்டுக்கு வாடா என்று சொல்லியிருப்பேன். கேட்கத்தான் கூப்பிட்டான். போனை உன் கையில் கொடுத்தவள் நான். அது என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் அதற்குள் நீ ஒளிந்துகொள்ள முடியாது.

ஆனால் என்னைத் தின்பது அதுகூட இல்லை. உன் கடைசிப் பத்தி. அம்மா வேறு மலையைப் பார்த்தாள். அப்பா ஷட்டரை மூடிக்கொண்டான். பத்து வருஷமாக அந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லை. என்னையாவது நீ பார்க்க விட்டிருக்கலாம். நீயாவது கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். இரண்டும் இல்லை. தனியாகக் கிடந்திருக்கிறான்.

மே 14 இந்த வருஷம் வெள்ளிக்கிழமை. அதே 8.10 விமானம். இரண்டு டிக்கெட் போடு.

எனக்கு ஏ. எந்த வரிசையோ நீயே பார், ஆனால் ஜன்னல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடு. என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. வைத்திருந்ததையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சிமிட்டமாட்டேன்.

உனக்கு அதே வரிசையில் எஃப். உன் முழங்காலை நீட்டவோ மடக்கவோ, அது உன் பாடு. இருபதாம் நிமிடம் வரும்போது ஷட்டர்மேல் உன் கை போகக்கூடாது. அந்த ஏரி வரும். அதற்குப் பின்னால் தோள் சரிந்த வெள்ளை மலை, நீ எனக்குப் பார்த்துக் கொடுத்தது. பத்து வருஷமாக உன்னைப் பற்றி அதனிடம்தான் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூட நல்லதில்லை. அதன் முகத்தை ஒன்றரை நிமிடம் பார்.

என் பக்கம் திரும்பாதே.

வெர்னா